பின் சீட்டில் கால் வைக்க இடமில்லை

பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

இத்துடன் என் கவர் இருக்கிறது. நாலு பக்கமும் கோந்து தடவி ஒட்டியிருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற வேலை எல்லாம் வேண்டாம், உள்ளே கறுப்புத் தாள் சுற்றியிருக்கிறது. போன தடவை நீங்கள் அப்படித்தான் ஜெயித்தீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அக்காவிடம் கொடுத்து பிஸ்கட் டின்னில் போடச் சொல்லுங்கள்.

உங்கள் கம்பெனி இந்தச் சின்னக் காரை விடப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணி போர்த்திக்கொண்டு சோதனை ஓட்டம் போனதை எங்கள் பத்திரிகை போட்டோகிராபர் ஒரு டீக்கடை வாசலில் இருந்து எடுத்துவந்துவிட்டார். பின்னால் இரண்டு புகைக்குழாய், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், தரையை ஒட்டிய உடம்பு. எஞ்சின் சக்தி 170 குதிரை, 180 குதிரை என்று ஆபீஸில் ஆளாளுக்கு அளந்துவிடுகிறார்கள். நான் பார்த்தது அதை இல்லை. முன்னால் காற்று நுழைகிற வாய் சின்னது, மாமா. அவ்வளவு சின்ன வாயை வைத்துக்கொண்டு பெரிய எஞ்சினின் சூட்டை ஆற்ற முடியாது. என் எண் அந்த வாயைப் பார்த்து வந்த எண். விலையும் அப்படித்தான். பெரிய கார் வாங்க முடியாதவன்தான் வேகமான சின்னக் காருக்கு ஆசைப்படுவான், அவனிடம் போய்ப் பெரிய கார் விலையைச் சொன்னால் ஓடிவிடுவான். இதற்கு மேல் என் வாயைக் கிளறாதீர்கள்.

அக்கா சட்டம் போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, கவனித்தீர்களா? "காரைப் பத்திப் போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. எத்தனை குதிரை, என்ன விலைன்னு எழுதி ஒட்டி எங்கிட்ட குடுங்க. கார் வர்ற அன்னைக்கு நான் பிரிக்கிறேன்." தோற்றவர் ஜெயித்தவரின் ஊருக்குப் பஸ் ஏறி வர வேண்டும், மூன்று பேருமாக ஷோரூமுக்குப் போய் வாங்கவே போகாத காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். இதுவரை எட்டுக் கார். எட்டிலும் அக்கா கைப்பையை மடியில் வைத்துப் பின் சீட்டில் உட்கார்ந்து ஒரே தீர்ப்புதான் சொல்லியிருக்கிறாள்: "பின் சீட்டுல கால் வைக்க இடமில்லை." போன முறை ஷோரூம் பையனுக்கு வேர்த்துவிட்டது.

இங்கே எனக்கு ஒரு தலைவலி. 'வரப்போகும் கார்' பக்கத்தை யாரும் படிப்பதில்லையாம். ஆசிரியர் "ஊகம் எல்லாம் போதும்ப்பா, உறுதியா ஒண்ணு குடு, இல்லேன்னா பக்கத்தை எடுத்துடறேன்" என்கிறார். உறுதிக்கு நான் எங்கே போவேன்?

அக்காவுக்கு இந்த மாத மருந்து ஏற்றியாகிவிட்டதா? போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 21

மாப்பிள்ளைக்கு,

கவர் வந்தது. டின்னில் போட்டாள். வெளிச்சத்தில் பார்த்து நான் ஜெயித்ததில்லை. மூளையால் ஜெயித்தேன். அது இல்லாதவர்களுக்குச் சந்தேகம் வரும்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். டிசம்பரிலிருந்து என்னை எஞ்சின் சோதனை அறைக்கு மாற்றிவிட்டார்கள். எஞ்சினைத் தனியாக மேடையில் பூட்டி ஓட்டி, எவ்வளவு சக்தி வருகிறது என்று அளக்கிற வேலை. அந்தச் சின்னக் காரின் எஞ்சினும் என் மேடைக்குத்தான் வருகிறது. வெளியே மூச்சு விட மாட்டேன் என்று மூன்று தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் இந்த முறை நான் ஆட்டத்துக்கு இல்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

அவள் விடவில்லை. "வீட்ல மிச்சம் இருக்கிற விளையாட்டு இது ஒண்ணுதான். இதையும் நிறுத்திட்டு என்ன, என் மருந்துச் சீட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கப் போறீங்களா?" என்றாள். தாளையும் பேனாவையும் கையில் திணித்தாள். எழுதி, ஆபீஸ் காக்கிக் கவரில் ஒட்டிப் போட்டேன். என்ன எழுதினேன் என்று நீ கேட்கக் கூடாது, நான் சொல்லவும் மாட்டேன்.

உண்மையைச் சொல் என்று எழுதியிருந்தாய். எடை நாற்பத்தொரு கிலோ. கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து, படுத்தபடியே சமையலறை தெரிகிற மாதிரி போட்டிருக்கிறேன். நான் சமைப்பதைப் பார்த்துக் குறை சொன்னால் அவளுக்குப் பொழுது போகிறது. தினமும் காலையில் ஒரு நர்ஸம்மா வந்து ஊசி போட்டு, தலைமாட்டில் ஆணியில் தொங்கும் ஆஸ்பத்திரி அட்டையில் குறித்துவிட்டுப் போகிறார். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு ஒன்பது எட்டு வைக்க வேண்டும். நான் பிடித்துக்கொள்ளாமல் அவளால் போக முடியவில்லை.

தெருமுனையில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் வாசலைப் பார்க்கிறாள். ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

மாமா


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சொல்லாமல் கிளம்பியதற்குக் கோபிக்காதீர்கள். நீங்கள் மருந்துக் கடையிலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது, மூன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஏப்ரல் இதழுக்கு அட்டைப்படக் கட்டுரையே என்னுடையது. ஆசிரியர் முதல் முறையாக என்னை உட்காரச் சொல்லிப் பேசினார்.

பழம் வாங்கி வைத்திருக்கிறேன், மேசைமேல் பார்த்திருப்பீர்கள். அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

மாப்பிள்ளை


ஏப்ரல் 4

உன் பத்திரிகை வந்தது.

அட்டையில் கொட்டை எழுத்தில் '163 குதிரை! உள்ளிருந்து வந்த உறுதியான தகவல்' என்று இருக்கிறது. உள்ளே உன் பெயர்.

நேற்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் அந்த இதழ் கிடந்தது. "உங்க மச்சினன்தானே?" என்றார். "ஆமா" என்றேன். என் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் என் டிபன் பாக்ஸை யாரும் திறந்து பார்த்ததில்லை. பிறகு அளவுச் சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, உன் அட்டையோடு வைத்துப் பார்த்து, பத்தே நிமிஷத்தில் என்னை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஏன் அனுப்பினார்கள் என்று நீயே யோசி. புத்திசாலிதானே.

நான் டின்னைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையே இல்லை. 163 என்று உலகத்தில் ஒருத்தன்தான் எழுதியிருக்கிறான், அது நான். தெரிந்ததை எழுதினால் கையெழுத்துக்குத் துரோகம். எழுதாவிட்டால் அவள் முகம் வாடும். பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன், அவள் தலைமாட்டில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கியது. அதில் சிவப்பு மையில் போட்டிருந்த நோயாளி எண்ணைத்தான் எழுதினேன். விலைக்கு வாயில் வந்ததைப் போட்டேன்.

மார்ச் பத்தாம் தேதி இரண்டு மணி நேரம் அந்த அட்டைக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். அக்காவின் நம்பர் என்னவென்று நீ பார்க்கவே இல்லை.

அவளிடம் சொல்லவில்லை. உனக்காக அல்ல. அவளுக்கு இதைத் தாங்கத் தெம்பில்லை. இனி எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 11

மாமா,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போட்டால் நான் என்ன செய்ய முடியும்?

எண் தப்பு என்பதால்தான் உங்களை விட்டார்கள். புரிந்துவிட்டது. நீங்கள் சரியான எண்ணை எழுதியிருந்தால் இன்றைக்கு உங்கள் வேலையும் போயிருக்கும். என்னால் போயிருக்கும்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அக்கா கொஞ்ச நேரம் பேசினாள், பிறகு வாசல் பக்கம் முகத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். நீங்கள் மருந்து வாங்கப் போனீர்கள். எனக்கு ஆசிரியர் சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறிச் சமையலறை அலமாரியிலிருந்து டின்னை எடுத்தேன். பக்குவமாகப் பிரித்துத் திரும்ப ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவசரத்தில் கவர் தாறுமாறாகக் கிழிந்துவிட்டது. எண்ணைப் பார்த்தேன். அந்தச் சின்ன வாய்க்கு 163 தாங்காது என்று என் மூளை சொன்னது, சத்தியமாகச் சொன்னது. ஆனால் நீங்கள் மேடையில் அளக்கிறவர். நான் டீக்கடைப் போட்டோவைப் பார்த்துக் கதை விடுகிறவன். என்னை நான் நம்பவில்லை. அதற்குள் அக்கா இருமினாள். கிழிந்த கவரையும் சீட்டையும் அப்படியே டின்னில் திணித்து மூடிவிட்டு வந்தேன். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அதுவே கண்ணில் நிற்கிறது. போகும்போது வாசல் பக்கம், வரும்போது சுவர் பக்கம். மாமா, அவளுக்குத் தெரியாது அல்லவா? அதை மட்டும் சொல்லுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து பரீட்சைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது வரை அவள்தான். நான் எது செய்தாலும் அப்பாவிடம் "அவன் இல்லப்பா, நான்தான்" என்று முன்னால் போய் நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?


மே 2

மாப்பிள்ளைக்கு,

எழுதாதே என்று சொன்ன நானே எழுதுகிறேன்.

அவளை எடுத்த அன்று நீ வந்து செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றாய். உன்னை உள்ளே கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நீயும் வரவில்லை. எல்லாரும் போன பிறகு பார்த்தேன், நீ இல்லை. கூப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிமிஷமும், கூப்பிடாதது சரி என்று ஒரு நிமிஷமும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் இருந்தாள். இந்தக் கணக்கு என் தலையில் இருக்கிறது, உன் தலையில் ஏற்ற மாட்டேன்.

கடைசி வாரத்தில் "தம்பி புத்தகம் வந்துச்சா? படிச்சுக் காட்டுங்க" என்றாள். அட்டையைக் கிழித்துவிட்டு உன் பக்கத்தைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாய். எண் வருகிற இடத்தில் நிறுத்தினேன். 163 என்று படித்தால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும், அது அவள் தலைக்கு மேலேயே தொங்கிய எண், நான் நிமிர்ந்து பார்த்து எழுதியதையும் அவள் பார்த்தவள். அதனால் 150 என்று மாற்றிப் படித்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அப்படிச் சிரித்தாள். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். நான் சரியாக நடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். அவளுக்குத் தெரியாது.

துணிகளைத் துவைத்துப் போட்டேன். தலையணை உறைக்குள் பொடிப்பொடியாகக் காக்கிக் காகிதம் கிடந்தது. மருந்து சுற்றிவந்த தாளாக இருக்கும்.

மாமா


ஜூன் 19

மாமா,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரியாது என்கிற இடத்தை மட்டும் தனியாகப் படித்துக்கொள்கிறேன்.

மே இதழில் ஒரு வரி போட்டேன், பார்த்திருக்க மாட்டீர்கள். 'சென்ற இதழில் நான் எழுதிய எண்ணுக்கு எந்த ஆதாரமும் இல்லை.' போட வேண்டாம் என்று ஆசிரியர் தலைபாடாக அடித்துக்கொண்டார். போட்டேன். பக்கம் போய்விட்டது. இப்போது டயர் விளம்பரங்களிலும் பேட்டரி விளம்பரங்களிலும் எழுத்துப் பிழை பார்க்கிறேன். இதற்காக என்மேல் இரக்கப்பட வேண்டாம். பக்கம் போனது பெரிதாக வலிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வலிப்பது வேறு. நடுப்பகலில் காரணமே இல்லாமல் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு நான் உள்ளே நுழைந்ததும் "வந்துட்டியாடா, எவ்வளவு குதிரைடா?" என்றாள். சொல்லக் கூடாதே என்றேன். "சொல்லாதே, சொல்லாதே" என்று சிரித்துக் கையை ஆட்டினாள். கையில் ஊசிக்குப் போட்ட பிளாஸ்திரி இருந்தது. அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கார் வருகிறது. ஒரே ஒரு வேண்டுதல். டின்னில் இருக்கும் என் கவரைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். அதில் என்ன எழுதினேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது சரியாக இருந்தாலும் தாங்க மாட்டேன், தப்பாக இருந்தாலும் தாங்க மாட்டேன்.


ஜூலை 18

மாப்பிள்ளைக்கு,

உன் வேண்டுதலை நான் கேட்கவில்லை.

கார் இன்று காலை பதினொரு மணிக்கு வந்தது. எங்களையும் கூடத்தில் நிற்கவைத்துத் துணியை இழுத்தார்கள். இனி என் வாய்க்குப் பூட்டில்லை, சொல்லலாம். 148 குதிரை. ஜனவரியிலேயே என் மேடையில் நூறு தடவை அளந்தது. விலை பத்து லட்சத்து அறுபதாயிரம். முன்னால் வாய் சின்னதாகத்தான் இருக்கிறது.

மதியம் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் பிரிக்க வேண்டிய நாள். கட்டில் இன்னும் முன்னறையில்தான் இருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்து டின்னைத் திறந்தேன்.

உன் கவர் அப்படியே இருந்தது. கறுப்புத் தாளை உரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உள்ளே உன் கையெழுத்து. 148. விலை பத்து லட்சத்து இருபதாயிரம். விலையில் நாற்பதாயிரம் பிசகிவிட்டாய். குதிரையில் ஒன்றுகூடப் பிசகவில்லை. அடப் பாவி, உன் கையிலேயே இருந்ததடா. அதை நம்பாமல் என் பொய்யைத் திருடினாயே.

பிறகு என் கவர். நீ கிழித்துத் திணித்த காக்கிக் கவர் இருக்கும் என்று கையை விட்டேன். அது இல்லை.

வெள்ளைக் கவர் ஒன்று இருந்தது. மாத்திரை போட்டுத் தருகிற மருந்துக் கடைக் கவர். உள்ளே என் சீட்டு, நாலாக மடித்தபடி. வாய் கோந்தால் ஒட்டப்படவில்லை. கை ஊசிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி, இரண்டு துண்டு, குறுக்கும் நெடுக்குமாக. ஒன்றின் ஓரத்தில் பழுப்பாகத் துளி ரத்தம். மேலே 'இவர்' என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு வருஷமாக என் கவர்மேல் அவள் அப்படித்தான் எழுதுவாள். உன் கவர்மேல் 'தம்பி'. எழுத்து கோணலாக, கோடு தாண்டி இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. கட்டிலில் படுத்தால் அந்த அலமாரி நேரே தெரியும். நான்தான் அப்படிப் போட்டேன். நீ ஸ்டூல் போட்டு ஏறியதிலிருந்து எல்லாம் பார்த்திருக்கிறாள். நீ திரும்புகிற சத்தம் கேட்டதும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், நீ அவள் முகத்தைப் பார்த்துக் கூனிக்குறுகக் கூடாது என்று.

நீ மூன்றரை பஸ்ஸுக்குக் கிளம்பினாய். நான் மூன்றே முக்காலுக்கு வந்தேன். எழுந்து நடந்து பார்த்தேன் மாப்பிள்ளை. கட்டிலிலிருந்து அலமாரிக்குப் பதினான்கு எட்டு. ஒன்பது எட்டு பாத்ரூமுக்கு என் தோளைப் பிடித்து இரண்டு தடவை நின்று போகிறவள், போக பதினான்கு, வர பதினான்கு, நடுவில் ஸ்டூல்மேல் ஏறி இறங்கி, கையில் இருந்த பிளாஸ்திரியை உரித்து ஒட்டி, கிழிந்த காக்கித் தாளைத் தலையணை உறைக்குள் ஒளித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். நான் வந்தபோது அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. "என்ன ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல, கனவு" என்றாள். கையில் பிளாஸ்திரி இல்லையே என்று நான் வேறு புதிதாக ஒட்டிவிட்டேன்.

150 என்று நான் மாற்றிப் படித்தபோது அவள் ஏன் சிரித்தாள் என்று இப்போது தெரிகிறது. நான் உன்னை அவளிடமிருந்து மறைத்தேன். அவள் உன்னை என்னிடமிருந்து மறைத்திருந்தாள். ஒரே அறையில் மூன்று வாரம் இதே வேலையாக இருந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

அவளுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தேன். அந்த வரியை வைத்துக்கொண்டுதான் நீ இருக்கிறாய் என்பது தெரிந்தும் அதைப் பிடுங்குகிறேன். அது பொய். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஒட்டினாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. வருகிறபோது வரட்டும். ஆனால் அந்த விஷயத்தை அவள் ஒட்டி மூடிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் ஒட்டியதைத் திரும்பக் கிழிக்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பிளாஸ்திரியையே நான் பிரிக்கவில்லை, கவரின் அடிப்பக்கத்தைத்தான் வெட்டிச் சீட்டை எடுத்தேன்.

நான் 163, நீ 148. தோற்றவன் நான். சட்டப்படி நான்தான் பஸ் ஏற வேண்டும். சனிக்கிழமை பத்தரை மணிக்கு உங்கள் ஊரில் இறங்குவேன். ஷோரூமில் சொல்லி வை. டின்னையும் கொண்டுவருகிறேன்.

நீ ஓட்டு. நான் முன்னால் உட்கார மாட்டேன். பின் சீட்டில் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று யாராவது உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாமா